கரியாலூர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் மேல், வட்டத் தலைமையிடமான வெள்ளிமலையை ஒட்டிய மலைவாழ் மக்களின் ஊர் கரியாலூர். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலையேறி வருவோர் இங்குள்ள படகுத்துறையிலும் சிறுவர் பூங்காவிலும் சற்று நின்று, பெரியார் அருவி, மேகம் அருவி என்று போய்விடுகிறார்கள். கோட்டையோ ராஜகோபுரமோ இல்லாத ஊரை வரலாற்று ஊர் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இம்மலையின் வரலாறு நிலம் யாருடையது என்ற வழக்கிலும், சாலை எப்போது வந்தது என்ற கணக்கிலும் இருக்கிறது. அதை அறியாமல் அருவியில் குளித்துத் திரும்புபவர் மலையில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், மூன்று சகோதரர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்றும் அவர்கள் சொல்லி வருகிறார்கள். வாய்மொழிக் கதையை வரலாறாக ஏற்பதா என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதை வைத்து ஆண்டு எதையும் குறிக்க முடியாது. ஆனால் கொல்லிமலை, பச்சைமலை மலையாளிகளும் இதே மரபைச் சொல்வதால், ஒரே ஊரின் கற்பனை என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. ஆவணம் தெளிவாகப் பேசும் இடம் ஜாகிர் என்னும் நில மானிய முறை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று தலைவர்களின் பெயரில் அன்றைய தென் ஆற்காடு மாவட்டப் பக்கத்து மலை பிரிந்து கிடந்தது. சேலம் பக்கத்திலும் ஜாகிர்கள் இருந்தன. 1906இல் வெளியான தென் ஆற்காடு மாவட்டக் கெசட்டியர் இந்தத் தலைவர்களைப் பற்றி எழுதியிருக்கிறது. சமவெளியில், குடியானவர் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி முறை வேரூன்றிய பின்னும் மலையின் குடியானவருக்கும் அரசுக்கும் நடுவே ஜாகிர்தார் நின்றார். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது.

இந்தத் தாமதம்தான் மலையின் இயற்கையைக் காப்பாற்றியது என்று வாதிடுவோர் உண்டு. அரசு வராததால் சாலையும் வராமல், சில சோலைகள் தப்பியிருக்கலாம். ஆனால் அதே காரணத்தால் நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. பட்டா இல்லாதவர்கள் தலைமுறையாக உழுத நிலத்தில் ஆக்கிரமிப்பாளராகக் கருதப்பட்டார்கள். அந்த விலையைக் கணக்கில் சேர்க்காமல் மலையின் அழகைப் புகழ்வது நேர்மையாகாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவர்கள் நில உரிமை பெற வழி திறந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் ஆட்சியர் அலுவலகம் மலைக்குச் சற்று நெருங்கி வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட பிறகு, அதன் தொடர்ச்சியாகக் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சுற்றுலாவால் மலைக்கு வருமானம் வரும் என்பது உண்மை. படகுத்துறையும் கோடை விழாவும் கடை வைத்திருப்போருக்கு உதவுகின்றன. ஆனால் கரியாலூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் சாமையும் மரவள்ளியும் பயிரிடுபவர்களுக்கு முதலில் வேண்டியது நிலத்துக்கான பட்டாவும், மழைக்காலத்திலும் பேருந்து ஓடும் சாலையும்.