சங்கம் கட்டிய மருத்துவமனை

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையைப் பற்றிப் பேசினால் நம் தோழர்கள் முதலில் கேட்பது, "பணம் யார் கொடுத்தது?" அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: முதலில் வந்தது கட்டடமா, சங்கமா?

நீலகிரியின் கூடலூர் பகுதியில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் எல்லோரும் தங்கள் மண்ணிலேயே கூலிகளாக்கப்பட்டிருந்தார்கள். எஸ்டேட் வந்தது, வனத்துறை வந்தது, குடியேறிகள் வந்தார்கள். பட்டா மட்டும் இவர்கள் பெயருக்கு வரவில்லை. 1980களின் நடுவில் ஸ்டான் தேக்கேக்கராவும் மாரி மார்செல் தேக்கேக்கராவும் அக்கார்டு அமைப்பைத் தொடங்கினார்கள். (மலம் அள்ளும் கொடுமையைப் பற்றிப் புத்தகம் எழுதிய அதே மாரிதான்.) ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் ஆயின. 1988 டிசம்பரில் நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கானோர் கூடலூரில் ஊர்வலம் போனார்கள்.

மருத்துவ வேலை இந்தப் போராட்டத்துக்கு நடுவில்தான் தொடங்கியது. 1987இல் வந்த டாக்டர் தம்பதி தேவதாசனும் ரூபாவும் உடனே மருத்துவமனை கட்டவில்லை. ஊர்க்காரர்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல். சிக்கலான பிரசவத்தை எங்கே அனுப்புவது? பணியர் பெண்ணை மனுஷியாக நடத்தும் இடம் வேண்டுமே. அஸ்வினி அமைப்பின் மருத்துவமனை 1990இல் பிறந்தது அதற்காக. டாக்டர்கள் ஷைலா தேவியும் நந்தகுமார் மேனனும் வந்தார்கள். ஆதிவாசிப் பெண்களே நர்ஸ் ஆனார்கள். டாக்டர்கள் மாறலாம், இந்த நர்ஸ்களுக்கு அதுதான் ஊர்.

1992இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் மூலம் சங்க உறுப்பினர்களுக்குக் குழுக் காப்பீடு. அரசுக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு வெகு முன்பு! பிரீமியம் சின்னத் தொகைதான். செலவு முழுவதையும் அது தாங்கவில்லை, நன்கொடையும் தேவைப்பட்டது. ஆனால் காசு கட்டியவர் இலவசத்துக்குக் கைகட்டி நிற்பதில்லை, கேள்வி கேட்கிறார்.

இப்போது நம் சாத்தூருக்கு வருவோம். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் தீக்காயப் பிரிவு, இழப்பீடு என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும், அரசின் கடமையை நாம் தலையில் சுமக்கத் தேவையில்லை. ஆனால் பிழைத்து வீடு திரும்பியவரின் மடங்கிப்போன விரல்களுக்கு யார் தினமும் பயிற்சி கொடுப்பது? இஎஸ்ஐ அட்டை யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று எந்தச் சங்கம் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்திருக்கிறது? அந்த நோட்டுக்கு ஊருக்கு இரண்டு பெண்கள் போதும். கட்டடம் வேண்டாம்.