நெகிரி செம்பிலான் மாநில உருவாக்கமும் தோட்டத் தமிழரும்: நிலம், உழைப்பு, ஆட்சி

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கப்பல், கங்காணி, கூலி என்னும் வரிசையிலேயே அதனைத் தொடங்குகின்றனர். அத்தமிழர் வந்து சேர்ந்த மாநிலம் எவ்வாறு உருவாயிற்று, அதன் ஆட்சி அமைப்புகள் தோட்டத்தை எந்த அளவிற்கு எட்டின என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. நெகிரி செம்பிலானை முன்வைத்து அவ்வினாவை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். இம்மாநிலத்தின் ஆட்சி நிலத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது. தோட்டத் தமிழரோ உழைப்பாளராக மட்டுமே ஆளப்பட்டனர். தோட்ட மக்கள் பிற்காலத்தில் எதிர்கொண்ட இடர்களுக்கு இவ்வேறுபாடு ஒரு முக்கியக் காரணம் என்பது நம் கருத்து.

மாநில உருவாக்கம்

நெகிரி செம்பிலான் என்னும் பெயருக்கு ஒன்பது நாடுகள் என்பது பொருள். சுமத்திராவின் மினாங்கபாவ் பகுதியிலிருந்து வந்து குடியேறியோர் அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபினைத் தம்முடன் கொணர்ந்தனர். குடும்பக் கிளைக்குப் புவாப்பா, குலத்திற்கு லெம்பாகா, நாட்டிற்கு உண்டாங் எனத் தலைமை படிப்படியாக அமைந்தது. சுங்கை ஊஜோங், ஜெலபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகியவற்றின் நான்கு உண்டாங்குகள் மாநில ஆட்சியாளரான யாங் டி பெர்துவான் பெசாரைத் தேர்ந்தெடுப்பர். இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

1874இல் சுங்கை ஊஜோங் ஆங்கிலேயரின் பாதுகாப்பை ஏற்றது. பிற நாடுகள் படிப்படியாக இணைக்கப்பட்டு, 1895இல் மாநிலம் முழுவதும் மார்ட்டின் லிஸ்டர் என்னும் ஒரே ரெசிடெண்டின் கீழ் வந்தது. மறு ஆண்டு அது பேராக், சிலாங்கூர், பகாங் ஆகியவற்றோடு கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் ஒன்றாயிற்று.

இவ்வமைப்பில் ஒருவரின் தகுதி அவருடைய குலத்தாலும், குலத்தின் தகுதி அதன் நிலத்தாலும் அமைந்தது. மரபுநிலம் குறித்து 1909இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு அரசின் அரணாக அமைந்தது. மரபுநிலம் எனப் பதிவான நிலம் குலத்துப் பெண்களின் பெயரிலேயே நிலைக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து.

தோட்டத்தை ஆண்ட அமைப்புகள்

குலநிலத்திற்கு இவ்வாறு அரண் அமைந்த அதே காலத்தில் லிங்கி, ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1891இல் திறக்கப்பட்ட சிரம்பான் – போர்ட்டிக்சன் இருப்புப்பாதை அப்பெருக்கத்திற்குத் துணைசெய்தது. தோட்ட நிலம் நிறுவனங்களின் பெயரில் பதிவாயிற்று. அதில் பால் மரம் வெட்டிய தமிழ்ப் பெண்ணுக்குக் குலநிலமும் இல்லை; குடியிருந்த லயத்தில் உரிமையும் இல்லை.

அவர்களுக்கென அமைந்தவை வேறு நிறுவனங்கள். 1907இல் இந்தியக் குடிநுழைவுக் குழு தோன்றியது. முதலாளிகளிடம் திரட்டிய நிதியிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவு ஈடுசெய்யப்பட்டது. 1910இல் ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்கு வந்தது. தொழிலாளர் இலாகாவும், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பின் கோலாலம்பூரில் அமர்ந்த இந்திய அரசின் முகவரும் கூலி, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைக் கண்காணித்தனர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. தமிழ்ப்பள்ளியும் கல்வி உரிமையாக அன்றித் தொழிலாளர் நலனாகவே வளர்ந்தமை இங்குக் கருதத்தக்கது.

விடுதலைக்குப் பின்

1957இல் நாடு விடுதலை பெற்றபோது நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரகுமான் முதல் மாமன்னரானார். 1959இல் மாநில அரசியலமைப்பு முழு வடிவம் பெற்றது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை நிலத்தையும் உள்ளாட்சியையும் மாநிலத்திற்கும், தொழிலாளர் நலனையும் கல்வியையும் கூட்டரசிற்கும் பகிர்ந்தளித்தது. குடியுரிமை பெற்ற தோட்டத் தமிழர் வாக்காளராயினர். எனினும் தோட்டம் தனியார் நிலமாகையால், குடிநீர், மின்சாரம் முதலியன முதலாளியின் கடமையாகவே நீடித்தன. 1990ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டமும் அக்கடமையை முதலாளி மீதே சுமத்தியது.

இதன் விளைவு தோட்டங்கள் கைமாறியபோது வெளிப்பட்டது. 1950களில் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை வெளியேற்றியது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், உழைப்பாளரை நில உடைமையாளராக்கும் முயற்சியாகும். பின்னர், தோட்ட நிலத்தை மாற்றுவதற்கு மாநிலத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் எனத் தேசிய நிலச் சட்டம் விதித்தது. அவ்விதி நிலத்தின் கைமாற்றத்தைக் கட்டுப்படுத்தியது. லயத்தில் வாழ்ந்தோருக்கு அது நில உரிமை தரவில்லை.

1990களில் நீலாயிலும் சிரம்பான் புறநகரிலும் நகரியங்கள் எழுந்தன. நிலப்பயன் மாற்றத்தைத் தீர்மானித்தது மாநிலம். வெளியேறுவோர்க்குச் சட்டம் காட்டிய வழியோ, 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஓர் ஆண்டிற்கு 20 நாள் ஊதியம் என்பது அவ்விதி. அக்கணக்கில் ஆண்டுகள் உண்டு. மூன்று தலைமுறை வாழ்ந்த வீடும், வழிபட்ட கோயிலும், புதைத்த மண்ணும் இல்லை.

முடிவுரை

இன்று நெகிரி செம்பிலானில் 60க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பிராட்வால், அதர்ட்டன், சுவா பெத்தோங், கெட்டஸ் எனத் தோட்டப் பெயர்களை அவற்றுட் பல இன்னும் தாங்கி நிற்கின்றன. நிலம் அரசுக்கு உரியதன்று என்பதனால் பகுதி உதவி மட்டுமே பெற்ற பள்ளிகளின் வரலாறு, மேலே கண்ட பிளவின் தொடர்ச்சியே எனலாம். தோட்ட மக்களின் வாழ்வைத் தொழிலாளர் ஆவணங்களைக் கொண்டு மட்டும் எழுதினால் பாதி வரலாறே கிட்டும். மாவட்ட நில அலுவலகப் பதிவுகளோடு பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும் ஒப்புநோக்குதல் வேண்டும். ஒரு தோட்டத்தில் எக்குடும்பங்கள் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தன என்பதற்கு அப்பதிவேடுகளே பல இடங்களில் எஞ்சியுள்ள எழுத்துச் சான்றுகள். பள்ளி இடம் மாறும்போது அவை பழந்தாளாகக் கழிக்கப்படாமல் காத்தல் தமிழாசிரியர்தம் கையில் உள்ளது. அப்பணியை இன்றே தொடங்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.