காசநோயின் மறைவில் நுரையீரல் புற்றுநோய்: கண்டறிதலும் நிலை வகுத்தலும்

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரல் புற்றுநோயை ஆராயும்போது இங்கு இரண்டு எதிரெதிரான பிழைகள் நேர இதுவே காரணம். தொடக்கத்தில் புற்று காசநோயாகக் கருதப்படுகிறது. நிலை வகுக்கும்போது காசநோய்த் தடம் புற்றாகக் கருதப்படுகிறது. இரண்டையும் தடுக்கவல்லது திசுச் சான்றே என்பது இக்கட்டுரையின் வாதம்.

விடாத இருமல், சளியில் இரத்தம், எடை இழப்பு, எக்ஸ்ரேயில் நிழல் ஆகியவை இரு நோய்களுக்கும் பொதுவானவை. சளியில் கிருமி தென்படாத நிலையிலும் எக்ஸ்ரேயை வைத்தே காசநோய் மருந்து தொடங்கப்படுவதுண்டு. கட்டி அடைத்த மூச்சுக்குழாய்க்கு அப்பால் தேங்கிய தொற்று அம்மருந்தில் சற்றுத் தணியும்போது, நோய் குணமாகிறது என்ற பொய்த் தோற்றம் உண்டாகிறது, காலம் கடக்கிறது. குரல் கம்முதல், முகமும் கழுத்தும் வீங்குதல், விரல் நுனி தடித்தல், கைக்குப் பரவும் தோள்வலி ஆகியவை புற்றுநோயைத் தேடச் சொல்லும் குறிகள். சளியில் காசநோய்க் கிருமி இருந்தாலும் புற்று இல்லையென்று ஆகிவிடாது. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம்.

இரண்டாம் பிழை நுட்பமானது. நோயின் நிலையை வகுக்கும் டி.என்.எம். முறையில் டி கட்டியின் அளவையும் உள்ளூர்ப் பரவலையும், என் நெறிக்கட்டிகளையும், எம் தொலைப்பரவலையும் குறிக்கும். பரவலைத் தேட எடுக்கப்படும் பெட் ஸ்கேன் புற்றணுவைத் தனித்து இனங்காண்பதில்லை. குளுக்கோஸை மிகுதியாக ஈர்க்கும் திசுக்களையே காட்டுகிறது. காசநோயால் அழன்ற நெறிக்கட்டியும் அதில் ஒளிரும். இரண்டு செ.மீ. கட்டி மட்டும் இருந்தால் அது முதல் நிலை. அறுவை சிகிச்சையால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. எதிர்ப்பக்க மார்பிடை நெறிக்கட்டியிலும் புற்று எனக் கொண்டால் அதே நோயாளி மூன்றாம் நிலை 'பி'-க்குத் தள்ளப்படுவார். அறுவை சிகிச்சை பொதுவாகக் கைவிடப்படும். ஒளிர்வை மட்டும் நம்பி இத்தீர்ப்பை வழங்குவது தகாது. மூச்சுக்குழாய் வழி அல்ட்ராசவுண்ட் துணையுடன் ஊசியால் எடுக்கும் மாதிரி ஐயத்தைப் பெரிதும் தீர்க்கும். அதில் புற்றணு தென்படாமல் ஐயம் நீடித்தால் மார்பிடை உள்நோக்கி ஆய்வு தேவை.

காசநோயே மிகப் பரவலானது. அப்படியிருக்க, நிழல் கண்ட அனைவருக்கும் திசு ஆய்வு செய்ய இயலுமா என்று கேட்கலாம். அனைவருக்கும் தேவையில்லை. கிருமிச் சான்று இல்லாத நடுவயதினர், புகைபிடிப்போர், மேற்கண்ட குறிகள் உள்ளோர் ஆகியோருக்கு முன்னுரிமை தந்தால் போதும். மேலும், எல்லாத் திசு ஆய்வும் செலவு மிக்கதன்று. காறை எலும்புக்கு மேல் நெறிக்கட்டி தட்டுப்பட்டால், ஓர் ஊசிச் சோதனையே நோயையும் உறுதிசெய்து மூன்றாம் நிலைக்குக் குறையாதது என்பதையும் காட்டிவிடலாம். நுரையீரல் உறையில் நீர் சேர்ந்து அதில் புற்றணு இருந்தால் நான்காம் நிலை உறுதியாகும். அதனால் முதல் மாதிரியை, நிலையை மிக உயர்த்தக்கூடிய இடத்திலிருந்து எடுப்பதே முறை. அடினோகார்சினோமா என்னும் சுரப்பித்திசு வகைப் புற்று எனில் அத்திசுவே மரபணு மாற்றச் சோதனைக்கும் பயன்படும்.

ஆகவே, நம் மருத்துவ நெறிமுறைகளில் இரண்டு விதிகள் இடம்பெற வேண்டும்: கிருமிச் சான்றின்றிக் காசநோய் மருந்து தொடங்கும் முன் புற்றுநோய்க்கான வாய்ப்பு ஆராயப்பட வேண்டும், திசுச் சான்றின்றி, ஒளிரும் நெறிக்கட்டியை மட்டும் காட்டி எவருக்கும் அறுவை சிகிச்சை மறுக்கப்படலாகாது.