தலைச்சொல் தேர்வு: திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த இரு நகரங்களின் பெயர்கள், தமிழில் கலைக்களஞ்சியம் தொகுக்க முற்படும் எவரும் எதிர்கொண்டே தீரவேண்டிய ஒரு சிக்கலைத் தம்முள் கொண்டுள்ளன. முதல் ஊரின் பெயர் ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர், புதுவை எனவும், அடுத்த ஊரின் பெயர் ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம் எனவும் எழுதப்பட்டு வந்துள்ளன. பேச்சில் இவ்வேறுபாடுகள் எவருக்கும் இடையூறு செய்வதில்லை. ஆனால் ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் வைத்து, தேடிவருவோர் அனைவரையும் அங்கே கொண்டுசேர்க்க வேண்டிய நூலில், எந்த வடிவம் தலைச்சொல்லாக, அதாவது கட்டுரை எப்பெயரின்கீழ் நிற்குமோ அப்பெயராக, அமைய வேண்டும் என்பதை யாரேனும் முடிவு செய்தாக வேண்டும். இவ்விரு ஊர்களைப் பொறுத்தவரை அடியார்களும் இலக்கணிகளும் அரசும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளுக்காக அம்முடிவைச் செய்துள்ளனர். ஒரு தரப்பாரின் விதி மற்றொரு தரப்பாருக்குப் பொருந்தி வரவில்லை.

இச்சிக்கல் அகரவரிசையோடு பிறந்தது. திவாகரமும் பிங்கலமும் போன்ற பழைய நிகண்டுகள் சொற்களைத் தெய்வப்பெயர், மக்கட்பெயர், இடப்பெயர் எனப் பொருள்வகையால் தொகுத்து, மனப்பாடம் செய்வதற்கேற்ற நூற்பாக்களாகத் தந்தமையால், ஒரு பெயரின் முதலெழுத்து எது என்பது அங்கே முதன்மை பெறவில்லை. 1594இல் தோன்றிய சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டும், 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியும் முதலெழுத்தைத் தேடுதலின் தொடக்கமாக்கிய பிறகே, தவறான எழுத்தில் தேடுபவர் எதையும் காணாமல் திரும்பும் நிலை ஏற்பட்டது. திருவில்லிபுத்தூர் தகரத்திலும், வில்லிபுத்தூர் வகரத்திலும், புதுவை பகரத்திலும் நிற்க, கிரந்த எழுத்துகளை வரிசையின் இறுதியில் வைக்கும் நூலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடும். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியத்தைப் போல, 1954 முதல் 1963 வரை ஒன்பது தொகுதிகளாக வந்து, 1968இல் இணைப்புத் தொகுதியுடன் நிறைவுற்ற பெருநூலில், இகரத் தொகுதி அச்சேறிய பின் ரகரத்துக்கு மனம் மாற வழியில்லை.

அதற்கு முன்னரே தனிமனிதர் இருவர் இவ்வேலையில் இறங்கியிருந்தனர். மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவுடன் 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளியாகி, ஆசிரியர் மறைவுக்குப் பின் 1934இல் விரிந்த இரண்டாம் பதிப்பைக் கண்டது. புராணப் பாத்திரங்களும் அரசரும் புலவரும் ஒரே வரிசையில் நிற்கும் இத்தகைய நூல்களில், ஒரு பெயர் பலருக்கு உரியதாதல் முதற்பெரும் இடர். பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் இதற்குத் தக்க சான்று. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் அவருக்கு, திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் நினைவாகவே அப்பெயர் இடப்பட்டது என்பது மரபு. ஊர்ப்பெயரை முதலில் கொண்ட பெயர்களையெல்லாம் அவ்வூராருடையவை எனக் கொள்ளும் தொகுப்பாளர் இங்கே இடறுவார்.

எனினும், தலைப்பை ஒழுங்குபடுத்தும் கலையில் அச்சுக்கால ஆசிரியர்களைவிட வைணவ அடியார் குழாமே மூத்ததும் தேர்ந்ததும் ஆகும். ஆழ்வார்களின் பாசுரத் தொகுப்பான நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் திருமொழி என்னும் பெயர் பல நூல்களுக்கு உரியது. ஆகவே பெரியாழ்வார் திருமொழி, நாச்சியார் திருமொழி, பெருமாள் திருமொழி, பெரிய திருமொழி என ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி முன்வைக்கப்பட்டது. முதல் மூன்றில் அடைமொழி பாடியவரைக் குறிக்க (பெருமாள் என்பது இங்கே குலசேகரரையே சுட்டும்), நான்காவதில் அளவைக் குறிப்பதால் விதி முற்றிலும் சீரானது அன்று. பெரியாழ்வாரின் நூலையும் திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியையும் புதிய வாசகர் ஒன்றெனக் குழம்புவதற்கு இதுவே காரணம். உரைநூல்களுக்கு அவர்கள் கொண்ட முறை இன்னும் வியப்புக்குரியது. முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்ட ஓர் அளவை ‘கிரந்தம்’ அல்லது ‘படி’ என வழங்கி, திருவாய்மொழி உரைகளை ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என அவற்றின் நீளத்தாலேயே பெயரிட்டனர். இப்பெயரில் ஆசிரியரின் சிறப்போ நூலின் பொருளோ இல்லை. அளந்து சொல்லக்கூடிய ஒன்றே உண்டு. ஆயினும் திருக்குருகைப்பிரான் பிள்ளானின் திருவாய்மொழி உரை, அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் திருப்பாவை உரை, பின்பழகிய பெருமாள் ஜீயரின் குருபரம்பரை வரலாறு ஆகிய மூன்றுமே ஆறாயிரப்படிகளாக அமைந்துவிட்டமையால், மீண்டும் ஓர் அடைமொழி தேவைப்பட்டது.

திருப்பாவை பாடியவரின் பெயரே இவ்வகையில் ஓர் ஆய்வுக்களம். தம் பாடல்களில் அவர் தம்மைக் கோதை என்றே குறிப்பிடுகிறார். ஆண்டாள், சூடிக்கொடுத்த நாச்சியார் ஆகியவை மரபு வழங்கிய பெயர்கள். கிருஷ்ணதேவராயர் அவரை முன்வைத்துத் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா என்னும் காவியத்தின் தலைப்பும் அவர் சூடிக்கொடுத்த மாலையையே சுட்டுகிறது. தாமே இட்டுக்கொண்ட பெயர் முந்துமா, உலகம் அழைக்கும் பெயர் முந்துமா என்ற வினாவில், குருபரம்பரை நூல்கள் வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வானின் மனைவியையும் ஆண்டாள் என்றே அழைப்பது மேலும் ஒரு முடிச்சு. தந்தையின் நிலை வேறு. பாடலில் விட்டுசித்தன் எனத் தமிழொலிக்கு இசைந்து நிற்கும் அவர், உரைகளில் விஷ்ணுசித்தர் ஆகி, தலைச்சொல்லாகும்போது இரண்டையும் துறந்து பெரியாழ்வார் என்ற சிறப்புப்பெயரிலேயே நிலைபெற்றார். அமெரிக்காவில் ஸ்டார் வார்ஸ் படவரிசையின் அன்பர்கள் 2005இல் தொடங்கிய வூக்கீபீடியா என்னும் இணையக் களஞ்சியமும் இத்தகைய இடரைச் சந்தித்தது. 2014இல் அப்படவரிசையின் உரிமையாளர்கள் பழைய நாவல்களையும் சித்திரக்கதைகளையும் ‘லெஜன்ட்ஸ்’ எனத் தனியே ஒதுக்கியபோது, ஒரே பாத்திரத்துக்கு இரு கட்டுரைகள் தேவைப்பட, பழைய கதைக்குரியதன் தலைப்பில் அச்சொல்லை அன்பர்கள் ஒட்டாகச் சேர்த்தனர். பக்தரும் ரசிகரும் ஒரே வகையினர் என்பதன்று இங்குக் கருத்து; ஊதியமின்றிப் பற்றினால் தொகுப்போர் பெயரில் காட்டும் கண்டிப்பு இரு இடத்தும் ஒன்றே.

திரு என்னும் முன்னொட்டையும் வைணவ அடியார் குழாமே விதியாக்கியது. பாடல் பெற்ற 108 தலங்களின் பட்டியலில் திருவரங்கம், திருவேங்கடம், திருக்கோட்டியூர் என்ற வரிசையில் திருவில்லிபுத்தூர் இயல்பாகவே பொருந்தியது. பாசுரங்களில் காணப்படும் வில்லிபுத்தூர், புதுவை ஆகிய வடிவங்கள் இதனால் பின்தங்கின. இன்று புதுவை என்றால் புதுச்சேரியே நினைவுக்கு வருவதால் அவ்வடிவம் தலைச்சொல்லாகும் தகுதியை அறவே இழந்தது. ஸ்ரீ என்பதற்கு ஈடாகத் திரு வருவது எழுத்து மாற்றம் அன்று. ஒரு சொல்லுக்குப் பதிலாக வேறொரு சொல்லே வந்து நிற்கிறது. ராஜபாளையத்துக்கு இவ்வழி திறக்கவில்லை. தெலுங்கு பேசும் ராஜுக்களின் குடியேற்றத்தோடு இணைத்து விளக்கப்படும் அப்பெயரைத் தமிழ்ப்படுத்த முனைவோர், வடமொழியாக்கம் எனப்படும், வடசொற்களைத் தமிழ் ஒலிக்கு இசைவிக்கும் நன்னூல் விதிகளையே நாடவேண்டும். அவ்விதிப்படி மொழிமுதல் ரகரம் அ, இ, உ ஆகிய உயிர்களுள் ஒன்றை முன்னே பெறும். ஜகரம் சகரமாகவோ, இடையில் யகரமாகவோ திரியும். விதியை முழுதும் ஏற்றால் இராசபாளையம் கிடைக்கும். வழக்கில் மிகுதியாகக் காணப்படும் இராஜபாளையமோ, விதியின் முதற்பாதியை ஏற்று இரண்டாம் பாதியைத் தள்ளிய வடிவம். இலக்கணக்காரருக்கு இது குறை. ஆனால் இகரத்தில் தேடவும் ஜகரத்தில் அடையாளம் காணவும் இரண்டுக்கும் இடம்தரும் இவ்வடிவம், தலைச்சொல்லாக மோசமான தேர்வன்று.

மனிதர் பெயர் இவ்விதிக்கு வெளியே நிற்பதே முறை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை தாங்கிய, இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜாவை ‘இராசா’ ஆக்குவதால் எந்த வாசகருக்கும் நன்மை விளையாது.

அரசு செய்த பெயரிடல்களில் நிலைத்தவையும் உண்டு, நிலையாதவையும் உண்டு. ஒரே பெயருள்ள ஊர்களைப் பிரித்தறிய மாவட்டத்தின் பெயரை அடைப்புக்குள் இடுவது களஞ்சியங்களின் பொதுவழக்கம். ஆனால் திருவில்லிபுத்தூர் வட்டாரம் 1910க்கு முன் திருநெல்வேலியிலும், அதன்பின் இராமநாதபுரத்திலும், 1985 முதல் காமராசர் மாவட்டத்திலும் இருந்து, தலைவர்கள் பெயரிலான மாவட்டப் பெயர்கள் 1997இல் நீக்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டத்துக்கு உரியதானது. மாவட்டத்தை நம்பி இடப்பட்ட தலைப்பு ஒரு நூற்றாண்டில் மூன்று முறை பழுதாகியிருக்கும். மறுபுறம், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பெயர் பதிவேட்டில் உள்ளபடி சட்டத்தின் பாதுகாப்பில் நிற்பதால், ஊரின் கட்டுரை எப்பெயரில் இருப்பினும் இனிப்பின் கட்டுரை ஸ்ரீயை விடமுடியாது. 2020இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிட்ட ஆணை, எழுத்துக்கூட்டல் பற்றிய கடும் விமரிசனத்துக்குப் பின் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இப்பழைய வழக்குகள் அனைத்தும் கிரந்த எழுத்து பற்றிய நீண்ட உரையாடல்களாக மீண்டும் எழுந்தன. அச்சுநூலில் ‘காண்க’ என்ற சொல்லோடு பிற தலைச்சொல்லுக்கு அனுப்பும் குறிப்பு செய்த வேலையை அங்கே ‘வழிமாற்று’ என்னும் ஏற்பாடு தானாகவே செய்கிறது. ஒரே பெயருக்கு உரிய பல கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கம் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ எனப்படும். கணினி புதிதாகச் சேர்த்த சிக்கலும் ஒன்று உண்டு. ஒருங்குறி எனப்படும் உலகளாவிய எழுத்துக் குறியீட்டில், ஸ்ரீ என்னும் கூட்டெழுத்து ஸகரத்தைக் கொண்டு இடப்பட்டு வந்த நிலையில், 2005இல் ஶ என்னும் தனியெழுத்து சேர்க்கப்பட்டதன் விளைவாக, பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் கூட்டெழுத்தை இருவேறு குறியீட்டுத் தொடர்களால் எழுத முடிகிறது. அச்சில் வேறுபாடே தெரியாத இரு ஸ்ரீவில்லிபுத்தூர்களைக் கணினி வெவ்வேறு தலைப்புகளாகக் கொள்வதால், அவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கும் வழிமாற்று இடவேண்டியுள்ளது.