குவில்ட் போர்வைக் கண்காட்சியும் சென்னையும்

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைத்த போர்வை குவில்ட் எனப்படும். மேல்துணி பெரும்பாலும் பல துண்டுத் துணிகளை இணைத்து உருவாக்கப்படும். 2019 ஜனவரியில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள வர்த்தக மையத்தில் நடைபெற்றது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி மக்களுக்குக் கத்திப்பாராவைத் தாண்டினால் எட்டிவிடும் இடம் இது. கண்காட்சி புதியது. ஆனால் குவில்ட் வரலாற்றில் இந்தக் கடற்கரைக்கு இருக்கும் இடம் மிகப் பழையது.

சோழமண்டலக் கரைத் துணிகள்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து சீட்டித்துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. இவை கையால் வரைந்தும் அச்சிட்டும் சாயமேற்றப்பட்ட பருத்தித் துணிகள். துவைத்தாலும் நிறம் போகாததே இவற்றின் சிறப்பு. உள்நாட்டு நெசவுத் தொழிலைக் காக்க பிரான்ஸ் 1686இல் இவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721இல் பருத்தி அச்சுத்துணிகளின் பயன்பாட்டையே கட்டுப்படுத்தியது. ஏற்றுமதித் துணியின் தேவைக்காக 1734இல் சென்னையில் நெசவாளர் குடியிருப்பு ஒன்று அமைக்கப்பட்டது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்ற அந்த ஊரே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

விலை உயர்ந்த இத்துணியின் சிறு துண்டையும் ஐரோப்பியப் பெண்கள் வீணாக்கவில்லை. பூ, பறவை உருவங்களை வெட்டியெடுத்து வெள்ளைத் துணியில் பதித்துத் தைத்தனர். இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று உள்ளது. அது இந்தியச் சீட்டித்துணியால் ஆனது. அந்தத் துணிக்குச் சாயமேற்றியவர் யார் என்பதற்குப் பதிவு இல்லை.

வீட்டிலிருந்து சுவருக்கு

பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் உண்டு. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் ரல்லி, கர்நாடகத்தின் சித்தி மக்களிடையே கவந்தி என இது அழைக்கப்படுகிறது. தமிழில் கிழிந்த துணியைக் குறிக்கும் ‘கந்தை’யும் வங்காளத்தின் ‘காந்தா’வும் உறவுடைய சொற்கள்.

இப்படிப்பட்ட போர்வைகள் குழந்தையைச் சுற்றவும் குளிருக்குப் போர்த்தவும் பயன்பட்டு, நைந்து மறைந்தன. கலைப்பொருளாக இவற்றைப் பார்க்கும் வழக்கம் பிறகே வளர்ந்தது. 1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் குவில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியது. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தைத்தவர் பெயர் தெரியாது. 2002இல் ஹூஸ்டனில், அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட்கள் வைக்கப்பட்டபோது தைத்தவர்களின் பெயர்களும் இடம்பெற்றன. 2006இல் அவை அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் வெளிவந்தன.

கண்காட்சிக்குத் தயார் செய்தல்

வீட்டுப் போர்வைக்குத் தேவைப்படாத சில கவனங்கள் கண்காட்சிப் போர்வைக்குத் தேவை.

சாயம்: சுங்குடி, நீலச்சாயத் துணி போன்றவற்றை வெட்டுமுன் நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால், ஒட்டாத வரை அலச வேண்டும்.

தையல்: மூன்று அடுக்குகளையும் முதலில் பெரிய தையலாக இழையோட்ட வேண்டும். பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்தால் சுருக்கம் விழாது.

தொங்கவிடும் உறை: பின்புற மேல் ஓரத்தில் சுமார் 4 அங்குல அகலத் துணிக்குழாய் தைக்கப்படும். அதற்குள் கம்பைச் செருகினால் எடை சமமாகப் பரவும். ஊசி குத்தி மாட்டினால் துணி இழுபட்டுக் கிழியும்.

பாதுகாப்பு: சென்னைப் புறநகரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். ஜனவரிக் கண்காட்சிக்கு உரிய போர்வை ஈரக்காற்றில்தான் தைத்து முடிக்கப்படும். பிளாஸ்டிக் பையில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். குண்டூசிகளை விட்டுவைத்தால் துருக்கறை படியும். துவைத்த பருத்தித் தலையணை உறையில் வைத்து, மடிப்பை அவ்வப்போது மாற்றி மடிப்பதே நல்லது. அந்துருண்டை துணியில் நேரடியாகப் படக்கூடாது.

பெயர்த் துணி

கடைசியாகத் தைக்கப்படுவது பின்புறம் அடிமூலையில் வரும் சிறு துணி. தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவை அதில் எழுதப்படும். போர்வை கைமாறினாலும் இது கூடவே போகும். கொல்கத்தா குருசதய் அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று உள்ளது. மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது அது. தன் பெயரையும் அவர் நூலால் தைத்து வைத்ததாலேயே இன்று அவரை அறிய முடிகிறது. உலகுக்கே துணி தந்த சோழமண்டலக் கரையின் கைவினைஞர்களுக்கு அப்படியொரு வாய்ப்புக் கிட்டவில்லை. கண்காட்சிக்குப் போகாமல் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும் பாட்டியின் போர்வைக்கும் இந்தச் சிறு துணி பொருந்தும்.