ஒப்புத்தரம் வந்த வழி

ஆங்கிலம் கற்கத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் ஆண்டிலே நம் பிள்ளைகள் ஒரு பாடத்தைச் சந்திக்கின்றனர். பண்பை உணர்த்தும் சொற்களுக்கு மூன்று தரங்கள் உண்டு என்று கூறி, ஆசிரியர் கரும்பலகையில் மூன்று நிரல்களை வரைவார். இயல்புத்தரம், ஒப்புத்தரம், உயர்வுத்தரம் என்பன அவை. ஓல்ட், ஓல்டர், ஓல்டெஸ்ட் என்றாற் போலச் சிறிய சொற்கள் ஈறு பெறும். பியூட்டிஃபுல் போன்ற நெடுஞ்சொற்கள் ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்னும் துணைச்சொற்களை முன்னே பெறும். குட், பெற்றர், பெஸ்ட் ஆகியன விதிக்கு அடங்காதன. அட்டவணை மனனமாகிவிடும். மறுநாள் பிள்ளை ‘மோர் பெற்றர்’ என்று எழுதிக்கொண்டு வரும். சிவப்பு மை அதன் மேற் பாயும்.

அந்தச் சிவப்பு மைக்கு ஒரு வரலாறு உண்டு. பிள்ளை செய்த பிழை ஒரு காலத்தில் ஆங்கில நாட்டின் தலைசிறந்த புலவர்களுடைய நாவில் வழங்கிய வழக்கு. அது எப்பொழுது பிழையாயிற்று, யார் அதனைப் பிழையாக்கினார் என்பதை அறிந்த ஆசிரியர் விதியைக் கைவிடமாட்டார். ஆனால் பிள்ளையை மந்தமானது என்று எண்ணவும் மாட்டார். நேயர்களுள் ஆசிரியர் பலர் இருப்பீர்களாதலால், இதனை விரித்துச் சொல்வது பயனுடைத்தாகும் எனக் கருதுகிறேன்.

மூன்று தரம் என்னும் பகுப்பு ஆங்கிலேயர் கண்டதன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோனீசியஸ் திராக்ஸ் என்னும் கிரேக்க ஆசிரியரின் பெயரால் வழங்கும் சிறு நூலிலே, ஒப்புமை காட்டும் சொல்லும் உயர்வு காட்டும் சொல்லும் பிற சொற்களினின்று பிறக்கும் பெயர்வகைகளாக எண்ணப்பட்டுள்ளன. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் இலக்கணம் கற்பித்த தொனாத்துஸ், பெயர்ச்சொல்லின் இயல்புகளுள் ஒப்புமையையும் ஒன்றாக வைத்து, அதற்கு மூன்று படிகளை வகுத்தார். இன்று நாம் ஆங்கிலத்தில் வழங்கும் பொசிற்றிவ், கம்பாரற்றிவ், சுப்பர்லற்றிவ் என்னும் பெயர்கள் மூன்றும் அவர் கையாண்ட இலத்தீன் சொற்களின் வழிவந்தவையே. அவருடைய சிறு நூல் வினாவும் விடையுமாக அமைந்தது. ஆறுமுக நாவலரின் இலக்கண வினாவிடையைப் பயின்றவர்களுக்கு அம்முறை புதிதாகத் தோன்றாது. ஐரோப்பாவின் பள்ளிகள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு அந்நூலையே முதற்பாடமாகக் கொண்டிருந்தன.

இங்கிலாந்தில் 1540ஆம் ஆண்டையொட்டி எட்டாம் ஹென்றி மன்னன், வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கணம் ஒன்றையே பள்ளிகள் யாவும் கற்பிக்க வேண்டும் என்று ஆணையிட்டான். ஆங்கிலேயச் சிறுவன் இலக்கணம் என்று அறிந்ததெல்லாம் இலத்தீன் இலக்கணமே. ஆங்கிலத்துக்கென ஆங்கிலத்திலேயே ஓர் இலக்கணத்தை வில்லியம் புல்லோகர் 1586இல் அச்சிட்டபோது, அதுவும் இலத்தீன் அச்சிலேயே வார்க்கப்பட்டது. உடல் ஒன்று, சட்டை வேறொருவனுடையது என்னும் நிலை அன்றே தொடங்கிவிட்டது.

உடலின் இயல்பு யாதெனச் சிறிது பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் ஒப்புமைக்கு ஈறுகளே பெரும்பான்மை. அவ்வீறு சேரும்போது சில சொற்களில் உள்ளிருக்கும் உயிரொலியும் திரியும். ஓல்ட் என்பதற்கு எல்டர், எல்டெஸ்ட் என்று வருவது அத்திரிபின் எச்சம். லோங் என்பதற்கு லெங்கர் என்று ஒரு காலத்தில் வழங்கிற்று, அது வழக்கொழிந்தது. மோர், மோஸ்ட் என்னும் துணைச்சொற்களை முன்வைக்கும் முறை தொடக்கத்தில் அருகியே வந்தது. 14ஆம் நூற்றாண்டளவில் பெருகியது. பிரெஞ்சு மொழியின் செல்வாக்கும் இலத்தீனின் செல்வாக்கும் இதில் எவ்வளவு என்பது அறிஞரிடையே வழக்காடப்படும் பொருள். எப்படியாயினும் ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் மக்கள் கையில் இருந்தன. இரண்டு கருவி இருந்தால் அழுத்தம் வேண்டுமிடத்து இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மனித இயல்பு.

அவ்வாறே பிடித்தனர். சேக்ஸ்பியரின் யூலியஸ் சீசர் நாடகத்தில், சீசரின் பிணத்தருகே நின்று அந்தோனி பேசும் பேருரையிலே, கொடுமையிற் கொடிய வெட்டைக் குறிக்க ‘மோஸ்ட்’ என்னும் துணைச்சொல்லும் ‘எஸ்ட்’ ஈறும் ஒருங்கே வருகின்றன. 1611இல் யேம்ஸ் மன்னன் காலத்தில் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் பவுல் அப்போஸ்தலர் தம் பழைய சமயப் பிரிவின் கண்டிப்பைச் சொல்லும் இடத்திலும் அதே இரட்டைப்பு உண்டு. நாடகாசிரியரான பென் ஜோன்சன் ஓர் ஆங்கில இலக்கணமும் எழுதினார். அவர் இறந்தபின் 1640இல் அது வெளியாயிற்று. இரட்டை ஒப்புமையை அவர் கடியவில்லை. கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரப் புலவர் மரபை ஒத்த ஒரு நயம் என்றே அதனைப் பாராட்டினார். மில்ற்றனோ வேறு வழியில் விதியை மீறினார். மூன்றசைச் சொற்களுக்கும் ‘எஸ்ட்’ ஈற்றைக் கூசாமற் சேர்த்தார்.

காற்று மாறியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1672இல் திறைடன் என்னும் கவிஞர், சென்ற தலைமுறையின் மொழியைத் தம் தலைமுறையின் மொழியோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதிலே ஜோன்சனின் ஒரு வரியை எடுத்து, அதில் வரும் இரட்டை ஒப்புமையை முரட்டு வழக்கு என்றார்; அக்காலத்தில் அது பொதுவழக்காதலின் மன்னிக்கத்தக்கது என்றும் சேர்த்துக்கொண்டார். ஒருவர் நயம் என்றதை மற்றவர் முரடு என்று சொல்ல முப்பது ஆண்டு சொச்சமே சென்றிருந்தது! இதே திறைடன் தம் ஆங்கில வாக்கியம் சரியோ என்று ஐயுறும்போது அதனை இலத்தீனில் மொழிபெயர்த்துப் பார்ப்பதுண்டு என்று தாமே எழுதியுள்ளார். தராசு எங்கிருந்தது என்பது இதனால் விளங்கும்.

18ஆம் நூற்றாண்டு சட்டம் இயற்றும் நூற்றாண்டாயிற்று. 1755இல் வெளிவந்த தம் அகராதியிலே சாமுவேல் ஜோன்சன், ‘லெஸர்’ என்னும் சொல்லை அநாகரிகச் சிதைவு என்று கடிந்தார். ‘லெஸ்’ என்பதே ஒப்புத்தரமாயிருக்க அதன்மேல் மீண்டும் ஓர் ஈறு எதற்கு என்பது அவர் வாதம். பின்னாளில் லண்டன் அத்தியட்சராக விளங்கிய றொபேட் லோத் 1762இல் வெளியிட்ட இலக்கணத்தில் இரட்டை ஒப்புமைகளைப் பிழையெனத் தள்ளினார். சேக்ஸ்பியரும் வேதாகமமும் அவர் கையிலிருந்து தப்பவில்லை. எனினும் அவர் நேர்மையானவர். ‘வேர்ஸர்’ என்பது ‘லெஸரை’விடக் காதுக்குக் கொடிதாக ஒலிப்பது, அது குறைவாக வழங்குவதால் மாத்திரமே என்று ஒப்புக்கொண்டார். சங்கீதங்களின் பழைய மொழிபெயர்ப்பிலே கடவுளைச் சுட்டும்போது வரும் இரட்டை உயர்வை மாத்திரம், உயர்ந்தோரினும் உயர்ந்தவனுக்கு அது பொருந்தும் என்று விலக்களித்தார். இலக்கணம் பத்திக்கு இடம்விட்ட அழகிய தருணம் அது.

லோத்தின் விதிகளை உலகெங்கும் பரப்பியவர் லிண்ட்லி மறே. பென்சில்வேனியாவிற் பிறந்து, நியூ யோர்க்கில் வழக்கறிஞராயிருந்து, 1784இல் இங்கிலாந்து சென்று யோர்க் நகருக்கு அருகே குடியேறியவர். உடல் தளர்ந்து நடக்க இயலாத நிலையில், அந்நகரிலிருந்த குவேக்கர் சமயத்தாரின் பெண்கள் பள்ளி ஆசிரியைகளின் வேண்டுகோளுக்கிணங்க 1795இல் ஓர் இலக்கணம் எழுதினார். 1797இல் பயிற்சி நூலொன்றும் வந்தது. பிழையான வாக்கியங்களைத் தந்து, அவற்றைத் திருத்துக என்று மாணவரைப் பணிப்பது அதன் முறை. அந்நூல்கள் பல இலட்சக்கணக்கில் விற்பனையாயின. ஈறு பெறுவன இவை, துணைச்சொல் பெறுவன இவை என்று இன்று நம் கரும்பலகையில் ஏறும் பாகுபாடு, லோத்திடமிருந்து மறே பெற்று அவர்வழி பள்ளிகளில் நிலைத்ததே. முழுமை, தலைமை போன்ற பண்புகளுக்கு ஒப்புத்தரம் கூடாது என்றும் மறே விதித்தார். அவர் பிறந்த நாட்டின் அரசியலமைப்போ, அவர் நூலுக்கு எட்டாண்டுகள் முந்தி 1787இலேயே, ‘கூடிய முழுமை’ பொருந்திய ஒன்றியத்தை அமைப்பதாகத் தன் முகவுரையிற் சொல்லிவிட்டது.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல்; வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது 1823இல். ஆங்கில இலக்கணம் கண்டிப்பான சட்டப் புத்தகமாக உறைந்துவிட்ட காலத்திலேயே அம்மொழி நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் அப்பள்ளிகளில் வாசிக்கப்பட்ட ஆங்கில வேதாகமம் 1611ஆம் ஆண்டினது. வேதபாட வேளையில் பக்தியோடு ஓதும் ஒரு தொடர், அடுத்த இலக்கண வேளையில் பிழையாகிவிடும். இந்த முரண்பாட்டை எத்தனை சிறுவர்கள் கவனித்திருப்பார்களோ, கவனித்தவர்கள் கேட்கத் துணிந்திருப்பார்களோ!

இனி நம் மொழிப் பக்கம் வருவோம். ஒப்புத்தரம் நம் பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் தருவதற்கு ஆங்கிலத்தின் வரலாறு மாத்திரம் காரணமன்று. தமிழில் பண்புச்சொல் ஒப்புமைக்காக உருமாறுவதில்லை. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்ட்வெல் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டி, இவ்வகையில் திராவிட மொழிகள் செமித்திய மொழிகளின் போக்கை ஒத்திருப்பதாகக் கூறினார். தமிழர் ஒப்புமையை வைத்த இடம் வேற்றுமை உருபு. தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமையை விளக்குமிடத்து, நிறமும் வடிவும் அளவும் சுவையும், குளிரும் வெப்பமும், முதுமையும் இளமையுமாக ஒரு நீண்ட நிரலைத் தருகிறார். ஆங்கில ஆசிரியர் ஒப்புத்தரப் பாடத்துக்குச் சொற்களைத் திரட்டப் புகுந்தால் அந்நிரலையே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். காகத்தினும் களாம்பழம் கரியது என்னும்போது, களாம்பழத்தின் கருமைச்சொல் எந்த மாற்றமும் அடைவதில்லை. காகமே உருபேற்று அளவுகோலாய் நிற்கிறது. நம் பேச்சில் ‘அவனிலும் பார்க்க இவன் உயரம்’ என்பதும் அம்மரபே. பழைய ஆங்கிலத்திலும் அளவுகோலாய் நின்ற பெயரை வேற்றுமை உருபாற் காட்டும் முறை ஒன்று இருந்தது. ‘தான்’ என்னும் இணைப்புச்சொல் அதனை வென்றது. அச்சொல், ‘பின்பு’ எனப் பொருள்படும் ‘தென்’ என்பதோடு பிறப்பால் ஒன்றே.

இதனை உணர்ந்தால் பிள்ளைகளின் பிழைகள் தாமே வகைப்படும். தம்பியிலும் பார்க்க அண்ணன் உயரம் என்று சொல்ல வந்த பிள்ளை, ‘தான்’ என்பதைத் தவறாமல் வைத்துவிட்டு, ‘டோல்’ என்பதன்பின் வரவேண்டிய ஈற்றை விட்டுவிடும். தமிழ்ப் பழக்கத்தின்படி பெயரிற் குறி இட்டாயிற்று. பண்புச்சொல்லில் மீண்டும் ஏன் என்பது அதன் நெஞ்சில் உறையும் நியாயம். ‘மோர் பெற்றர்’ என்பதோ ‘இன்னும் நல்லது’ என்னும் தமிழ்த்தொடரின் நிழல். ‘பெற்றர்’ என்பதனுள்ளே ஒப்புமை ஒளிந்திருப்பது பிள்ளைக்குத் தெரியாது. ‘மிகப் பெரிய’ என்னும் தமிழ், ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ‘வெரி’ என்றும் பிறிதோரிடத்தில் உயர்வுத்தரமாயும் பிரிவது மூன்றாவது இடர்.

ஒரு வேடிக்கையும் உண்டு. உயர்வுத்தர ஈறு அறியாத தமிழர், உத்தமம், மத்திமம், அதமம் என்று அன்றாடம் வழங்குகின்றோம். உத்தமம் என்பதில் வரும் ‘தம’ வடமொழியின் உயர்வுத்தர ஈறு. ‘உத்’ என்பது மேல் என்னும் பொருளது. ஆங்கிலத்திலும் இத்தகைய மறதி நேர்ந்தது. ‘ஃபோர்மோஸ்ட்’ என்னும் சொல்லுக்குள் ஒரு பழைய உயர்வீறு இருப்பதை மறந்து, மக்கள் அதன்மேல் இன்னோர் உயர்வீற்றை ஏற்றினர். அது இன்று எந்த இலக்கணியாரும் குறைகூறாத சொல்.

20ஆம் நூற்றாண்டில் கற்பிக்கும் முறை மாறியது. அட்டவணையை மனனஞ் செய்வித்தும் பிழை திருத்தியும் மொழி வராது, பொருளைக் கண்ணெதிரே வைத்து வாக்கியத்தை வாயாற் பழக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் ஹரல்ட் பாமர் முதன்மையானவர். யப்பானில் பணியாற்றிய காலத்தில், 1925இல், செயல்வழி ஆங்கிலம் பற்றிய நூலை வெளியிட்டார். நம் நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்து, படிப்படியாகத் தாய்மொழியே பாடமொழியான பின்னர், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வகுப்பறையில் மாத்திரம் கேட்கும் மொழியாயிற்று. அவர்களுக்குப் பாமர் காட்டிய வழி மிகவும் தேவைப்பட்டது. ஆனால் அட்டவணை இன்னும் பல வகுப்புகளில் முதலிடத்தை விடவில்லை.

என் கருத்து இது. தென்னங்கன்றையும் பனையையும் காட்டி, இரண்டு மாங்காய்களைக் கையிற் கொடுத்து, ‘தான்’ வரும் முழு வாக்கியத்தையே முதலிற் பழக்குக. ஈறு பெறும் சொற்கள் நாவில் நன்றாகப் படிந்தபின் ‘மோர்’ வரட்டும். இரண்டையும் ஒரே நாளிற் சொல்லிக் கொடுப்பதே இரட்டைப்புக்கு நேர்வழி. தமிழ்வாக்கியத்தையும் அருகே எழுதி, குறி எங்கே விழுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்க விடுக. உயர்வகுப்பு மாணவருக்கு வரலாற்றையும் சொல்லலாம். அவர்கள் கூசாமல் எழுதும் ‘நியரர்’ என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘நை’ என்பது அண்மைக்குப் பழைய சொல். ‘நியர்’ அதன் ஒப்புத்தரம். ‘நெக்ஸ்ட்’ அதன் உயர்வுத்தரம். ‘நியர்’ தன் பிறப்பை மறந்து இயல்புத்தரமாகிவிட, அதன்மேல் இரண்டாவது ஈறு ஏறியது. சாரா ஃபிளவர் அடம்ஸ் அம்மையார் இயற்றி 1841இல் வெளிவந்த புகழ்பெற்ற கீர்த்தனை அந்த இரட்டை ஒப்புமையையே தன் முதற்சொல்லாகக் கொண்டு தொடங்குகிறது.