செருகியாயிற்று, சத்தம் எங்கே?

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் போய், அங்கிருந்து தெற்கே திரும்பினால் தம்மம்பட்டி. ஒரு பக்கம் கொல்லிமலை, மறு பக்கம் பச்சைமலை. தெய்வ உருவங்களையும் சுவாமி வாகனங்களையும் மரத்தில் செதுக்கிப் பெயர் வாங்கிய ஊர். அந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மரத்தில் செதுக்கிய உருவம் பல தலைமுறை தாங்கும். அதைச் செதுக்கியவரின் குரல் அப்படித் தாங்குமா?

அந்தக் குரல் தங்கியிருந்தால், அநேகமாக அது பரண்மேல் ஒரு கேசட்டில் தங்கியிருக்கும். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் வெளியிட்ட அந்தச் சின்னஞ்சிறு பெட்டி, பின்னால் நம் கிராமங்களுக்கு ‘டூ-இன்-ஒன்’ வழியாக வந்து சேர்ந்தது. கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்து, கல்யாணத்து நாதஸ்வரம், பாட்டியின் தாலாட்டு எல்லாம் அதில் ஏறின. இன்று பேரன் அந்தக் கேசட்டைத் தூசி தட்டி எடுக்கிறான். ஓர் ஒயரை வாங்கி டூ-இன்-ஒன்னுக்கும் கம்ப்யூட்டருக்குமாக இணைக்கிறான். ஒன்று, மூச்சுப் பேச்சே இல்லை. அல்லது ‘உம்’ என்று ஓர் இரைச்சல் மட்டும். “நாடா போய்விட்டது” என்று தீர்ப்புச் சொல்லி, குப்பைக்கு அனுப்பிவிடுகிறான். பல சமயங்களில் நாடா நிரபராதி.

குற்றவாளியைப் பிடிக்க வேண்டுமானால் கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும்.

1878-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வியாபார ரீதியான முதல் டெலிபோன் நிலையம் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1882-இல், சென்னைக்கும் அது வந்துவிட்டது. இத்தகைய நிலையங்களில் பலகை முன் உட்கார்ந்த ஊழியர், யாரை யாரோடு பேச வைக்க வேண்டுமோ அவர்களுடைய துளைகளில் ஒயரின் நுனியைச் செருகுவார். அந்தத் துளைக்குத்தான் ‘ஜாக்’ என்று பெயர். ஆரம்ப அமைப்பு மடக்குக் கத்தியைப் போல் இருந்ததால் ஆங்கிலத்தில் அந்தக் கத்தியின் பெயரே இதற்கு ஒட்டிக்கொண்டது. அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. பிளக் உள்ளே போகும்போதே ஒரு வில்லைத் தள்ளி, பழைய தொடர்பை அறுத்துப் புதிய தொடர்பை உண்டாக்கிவிடும். செருகுகிற கைதான் முடிவு செய்தது. யந்திரத்துக்கு அபிப்பிராயம் கிடையாது.

பிளக் இளைத்து இளைத்து மூன்றரை மில்லிமீட்டராகி டிரான்ஸிஸ்டர் ரேடியோவில் புகுந்தபோதும் அதே தர்மம்தான். காதுக்குழலைச் செருகியதும் பெட்டியின் ஸ்பீக்கர் வாயடைத்துப் போகும். உருவினால் மறுபடி பாடும். கிரிக்கெட் வர்ணனையை ஒளித்து வைத்துக் கேட்ட ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1937-இல் ‘சதி அகல்யா’ எடுத்த காலத்தில், சத்தத்துக்கென்று தனி எஞ்சினியர் இருப்பார். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். இன்றோ வீட்டுக்கு வீடு சவுண்டு எஞ்சினியர் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது, சம்பளம்தான் இல்லை!

1981-இல் வந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டருக்குக் கீச்சிடத்தான் தெரியும். 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி ‘சவுண்டு பிளாஸ்டர்’ என்ற அட்டையை விற்கத் தொடங்கிய பிறகு வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பாடலாயின. அட்டையின் முதுகில் ஒரே மாதிரித் துளைகள் வரிசையாக இருந்தன. ஜனங்கள் தடுமாறினார்கள். 1990-களின் கடைசியில் மைக்ரோசாப்டும் இன்டெலும் துளைகளுக்கு நிறம் வகுத்தன: பச்சை, சத்தம் வெளியே போக; ரோஜா நிறம், மைக்குக்கு; இளநீலம், வெளிக் கருவியின் சத்தம் உள்ளே வர. 1996-இல் யு.எஸ்.பி. பிறந்தது, அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட். 2004-இல் இன்டெல் வகுத்த புது ஒலி முறையில், துளைக்குள் என்ன புகுந்தது என்பதைக் கம்ப்யூட்டரே மோப்பம் பிடித்துத் துளையின் உத்தியோகத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் அதிகாரம் கை மாறியது. நீங்கள் செருகுவது இப்போது ஒரு விண்ணப்பம் மட்டுமே. உத்தரவு போடுவது உள்ளே இருக்கும் மென்பொருள். எச்.டி.எம்.ஐ. ஒயரில் டெலிவிஷனை இணைத்தால், ஸ்பீக்கரே இல்லாத திரைக்குக்கூடச் சத்தத்தை அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். ஆகவே, ஒயரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளியே போகும் வழியாகவும் உள்ளே வரும் வழியாகவும் எதைத் தேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் இன்னொரு காவலாளியும் உண்டு: மைக் அனுமதியை மூடி வைத்திருந்தால் கேசட்டின் குரலும் வாசலிலேயே நின்றுவிடும்.

அடுத்தது துளை. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது ஒரே துளை. போன் ஹெட்செட்டின் பிளக்கைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். நாம் வாங்கும் சாதாரண ஸ்டீரியோ ஒயரில் இரண்டுதான். அதைச் செருகினால் கம்ப்யூட்டர், “யாரோ காதில் மாட்டிக் கேட்கப் போகிறார்” என்று எண்ணிச் சத்தத்தை வெளியே அனுப்பப் பார்க்குமே தவிர, உள்ளே வாங்காது. டூ-இன்-ஒன்னும் பேசுகிறது, கம்ப்யூட்டரும் பேசுகிறது, கேட்பவர்தான் இல்லை.

ரோஜா நிறத் துளை இருந்தாலும் அது சரிப்படாது. மைக் தருவது சில மில்லிவோல்ட். டேப் டெக்கின் ‘லைன் அவுட்’ தருவது சுமார் 300 மில்லிவோல்ட். குழந்தையின் காதில் தவுலை வைத்து அடித்த மாதிரி, குரல் கரகரவென்று உடைந்துபோகும். இளநீலத் துளை இல்லாவிட்டால், லைன்-இன் உள்ள சிறிய யு.எஸ்.பி. ஒலிக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்வதே வழி. மைக் துளை மட்டும் உள்ளதை வாங்கிவிட்டால் பழைய வழக்கேதான். டூ-இன்-ஒன்னின் காதுக்குழல் துளையிலிருந்து எடுப்பதானால் சத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, மெல்ல ஏற்றுங்கள்.

‘உம்’ என்ற இரைச்சல் நம் வீட்டு மின்சாரத்தின் குரல். அது நொடிக்கு ஐம்பது முறை துடிப்பது. ஆம்பிளிபயரும் கம்ப்யூட்டரும் தனித்தனி பிளக்கில் நிற்கும்போது, இரண்டின் எர்த்தும் ஒயர் வழியாகக் கைகோத்து ஒரு வளையம் உண்டாவதுண்டு. மடிக்கணினியின் சார்ஜரை உருவிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் திருடன் அகப்பட்டான். இரண்டையும் ஒரே பலகையில் செருகலாம். டூ-இன்-ஒன்னைப் பாட்டரிக் கட்டையில் ஓட்டலாம். எர்த் முள்ளை உடைத்து எறிகிற நாட்டு வைத்தியம் மட்டும் வேண்டாம். அது இரைச்சலோடு ஆளையும் சேர்த்து நிறுத்திவிடக் கூடியது.

இனிக் கேசட்டுக்கு வருவோம். வருஷக்கணக்காகப் பரணில் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாட விடுமுன் ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். அதற்கும் முன்னால் ஒரு காரியம். கேசட்டின் முதுகு விளிம்பில் இரு மூலைகளிலும் சின்னத் தகடுகள் இருக்கும். அவற்றை நெம்பி உடைத்துவிடுங்கள். அப்புறம் பேரன் தவறிப்போய் ரிக்கார்டுப் பொத்தானை அழுத்தினாலும் அது இறங்காது.